ஏழு நாளைக்கு எண்ணெய் ஆகாது

ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். வெங்காய மண்டி உடையப்பன் தரவேண்டியது இவ்வளவு. சீட்டில் அழுக்கு எடுத்த வகையில் நாலாயிரத்து ஐந்நூறு, ஐந்து ஹெட்ரெஸ்ட்டுக்குக் கலர் அடித்த வகையில் இரண்டாயிரத்து ஐந்நூறு, கடைசியில் தோலுக்குக் கிரீம் போட்ட வகையில் நானூற்று ஐம்பது. பில்லை எழுதினவன் நான்தான். அந்தக் காசை வாங்காமல் வண்டியை வெளியே விட்டவனும் நான்தான்.

எங்கள் வாட்டர் வாஷ் வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிறது. முதலாளி ஃபாரிஸ் பாய் வேலைக்குச் சேருகிற அன்றைக்கே எல்லாரிடமும் ஒன்று சொல்லிவிடுவார். காசு வாங்காமல் எவன் வண்டியை விடுகிறானோ, அவன் சம்பளத்தில் கழியும். இதில் சொந்தம், பழக்கம், வயசு எதுவும் கிடையாது. எனக்கு மாசம் பதினாலாயிரம். வீட்டு வாடகை மட்டும் நாலாயிரம்.

இங்கே வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருசம் தோல் ஷாப்பில் இருந்தேன். பச்சைத் தோலாக வருகிறதைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் எடுத்து, சதை எடுத்து, பெரிய மரப் பீப்பாயில் சுற்றவிட்டுப் பதம் பண்ணுகிற வேலை. ஷாப்பு மூடின பிறகு ஒன்றரை வருசம் கிடைத்த வேலைக்கெல்லாம் போனேன். கார்களில் தோல் சீட் வர ஆரம்பித்ததும் ஃபாரிஸ் பாய்க்குத் தோல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. தோல் எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாசம் உடையப்பன் வண்டி வந்தது. சித்தையன்கோட்டைக்காரர். ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி. உள்ளே முழுக்க வெளிர் கிரீம் கலர் தோல். பழனிக்குப் போய் ஆம்பிளைகள் ஐந்து பேர் மொட்டை போட்டிருக்கிறார்கள். அவர், தம்பி, இரண்டு பையன்கள், மருமகன். மொட்டை போட்டால் சந்தனம் பூசத்தானே வேண்டும். யாரோ சந்தனம் என்று சொல்லி மஞ்சள் சாயப் பொடியை விற்றிருக்கிறான். அதை ஈரத்தோடு தடவிக்கொண்டு, ஐந்து பேரும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஐந்து ஹெட்ரெஸ்ட்டிலும் ஐந்து மஞ்சள் வட்டம்.

அதோடு விட்டிருந்தால் பாதி வேலைதான். வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரையும் சோப்பையும் வைத்து உரசியிருந்தார்கள். தோல் மேலே இருந்த பூச்சு போய், சொறி பிடித்த நாய் மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது.

உடையப்பன் இறங்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏப்பா, தோலு பாக்குறவன்னு சொன்னாங்களே, அது நீதானா?"

"ஆமா மொதலாளி."

"பாத்தா தோலு உரிக்கிறவன் மாதிரியில்ல இருக்க."

அவருடைய டிரைவர் கருப்பணன் இதற்குப் பெரிசாகச் சிரித்தான். என் வயசுதான் அவனுக்கும், ஐம்பதுக்குப் பக்கம். அன்றைக்கு எல்லாருக்கும் டீ வந்தபோது, நான் எடுத்துக் கொடுத்த கிளாஸை வாங்காமல் தட்டிலிருந்து வேறு கிளாஸை அவனே எடுத்துக்கொண்டான். "தோலு ஷாப்பு நாத்தம் கையவிட்டுப் போகாதும்பாங்க" என்றான். அன்றைக்கே அவன் எனக்குப் பிடிக்காமல் போனான்.

நாலு நாள் வேலை. கார் சீட்டைத் துணி துவைக்கிற மாதிரி துவைக்க முடியாது. முதலில் மெஷினை வைத்து மண்ணையும் பொரியையும் உறிஞ்சி எடுக்கணும். பிறகு நுரையை மட்டும் பிரஷ்ஷில் தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடமாக மெதுவாகத் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி எடுக்கணும். தண்ணீர் தையலுக்குள் இறங்கினால் உள்ளே பஞ்சு நாறிப்போகும். உட்காருகிற இடத்தில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டிருந்தது, ஏசி காற்று வருவதற்கு. அந்த ஓட்டைக்குள் பஞ்சாமிர்தம். பல் குத்துகிற குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். இடுப்பு போனது. சீட்டுக்கு அடியில் கண்ணில் படாத இடத்தில் கலரை வைத்துப் பார்த்து, மூன்று தடவை கலந்து, அசல் கிரீம் வந்த பிறகுதான் ஹெட்ரெஸ்ட்டில் அடித்தேன். ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு, அதுக்கு மேலே நிறமில்லாத ஒன்று. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எது கம்பி நார் பட்ட இடம் என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கருப்பணன் வண்டி எடுக்க வந்தான். பில்லின் அடியில் நான் எழுதியிருந்தேன்: இரண்டு நாள் தலை சாய்க்க வேண்டாம். அவன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான்.

"காசு?"

"மொதலாளி நாளைக்கு ஜிபே போடுவாரு."

"பாய் என்னய வைவாரு."

"ஏழாயிரத்துக்கு எங்க மொதலாளி ஓடிப்போயிருவாரா? கேட்டத் தெற."

நான் திறந்தேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கலாம். கருப்பணன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை, அந்தச் சத்தத்துக்குத்தான் திறந்தேன்.

வியாழன் வரவில்லை, வெள்ளி வரவில்லை. திங்கட்கிழமை நானே மண்டிக்குப் போனேன். உடையப்பன் கணக்குப்பிள்ளையின் மேசைக்குப் பின்னால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். பின்மண்டை செக்கச்செவேல் என்று தோல் கன்றிப்போயிருந்தது. நடுவில் இன்னும் கொஞ்சம் கிரீம் கலர் ஒட்டியிருந்தது. என் கலர். மூன்று தடவை கலந்து எடுத்த கலர்.

"தெரியுதா?"

"தெரியுது மொதலாளி."

"ஞாயித்துக்கெழம மச்சினன் மக கல்யாணம். முன் வரிசையில நான் உக்காந்திருக்கேன். எனக்குப் பின்னாடி இருந்தவன் அம்புட்டுப் பேரும் சிரிக்கிறான். ஒருத்தன் வந்து கேக்குறான், மாமா மண்டையில பிளாஸ்திரி போட்டிருக்கீங்களே, அடிகிடி பட்டுச்சான்னு. தொட்டுப் பாத்தா கையில ஒட்டுது. மண்ணெண்ணெய போட்டுத் தேச்சுத்தான் இம்புட்டாவது போயிருக்கு."

"ரெண்டு நாளைக்குத் தலை வைக்கக் கூடாதுன்னு பில்லுலேயே..."

"வச்சனா? நாலாம் நாளுய்யா வச்சேன். மொட்ட எரியுதுன்னு வெளக்கெண்ண தேச்சிட்டு, செம்பட்டி வழியா அர மணி நேரம் சாஞ்சு உக்காந்து வந்தேன். அது ஒரு தப்பா?"

விளக்கெண்ணெய் என்று அவர் சொன்ன அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

தோல் ஷாப்பில் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில் தோலுக்கு எண்ணெய்தான் கொடுப்போம். பீப்பாய்க்குள் எண்ணெயை ஊற்றிச் சுற்றவிட்டால் தோல் தாய்ப்பால் குடிக்கிற மாதிரி குடிக்கும். எண்ணெய் குடிக்காத தோல் வெடித்துப்போகும். இருபத்திரண்டு வருசம் என் கை அறிந்தது அது. எண்ணெய் தோலுக்குப் பகையாகும் என்று என் புத்தியில் எங்கேயும் இல்லை. அதனால் தலை வைக்காதீர்கள் என்று எழுதினேனே தவிர, எண்ணெயைப் பற்றி எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. கார் சீட்டில் நாம் தொடுவது தோலை இல்லை, தோல் மேலே இருக்கிற பூச்சை. புதுப்பூச்சில் எண்ணெய் பட்டால் இளகிக் கையோடு வந்துவிடும்.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்தது.

"எண்ணெ ஆகவே ஆகாதுன்னு டிரைவர்ட்ட வாயால சொல்லிவிட்டேனே மொதலாளி."

மூட்டைப் பக்கம் நின்ற கருப்பணன் திரும்பினான். "எப்பய்யா சொன்ன?"

"வண்டி எடுக்கையில."

"பொய் சொல்றான் மொதலாளி."

"ரெண்டு பேரும் சேந்து என்னய கூமுட்டையாக்குறீங்க" என்றார் உடையப்பன். "ஒத்தப் பைசா கெடையாது. நீதான் எனக்கு நஷ்டம் கட்டணும். போயிரு."

ஃபாரிஸ் பாயிடம் வந்து சொன்னேன். அவர் கலர் டப்பாவை எடுத்துத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இதுலேயே போட்டிருக்கு பொம்மையண்ணே. ஏழு நாளைக்கு எண்ணெய் படக் கூடாதுன்னு."

டப்பாவில் இருந்தது இங்கிலீசு. எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், அதுவும் நாற்பது வயசுக்கு மேலே வந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

"அவங்கட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் பாய்."

"சொல்லியிருந்தா தப்பு அவங்க மேல. காசு வாங்கிட்டு வந்துருங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள வரலன்னா என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியும்."

வீட்டில் என் பொண்டாட்டி பேச்சாயி கேட்டாள். அவள் மில்லில் ஷிஃப்டு முடிந்து வந்து அப்போதுதான் சோற்றை வடித்திருந்தாள்.

"கேட்டைத் தெறக்கச் சொன்னா தெறந்துருவியா? எவன் ஹாரன் அடிச்சாலும் தெறந்துருவ. நான் கூப்புட்டா மட்டும் ஒனக்குக் காது கேக்காது."

"விடு. வாங்கிருவேன்."

"எப்புடி வாங்குவ? கால்ல விழுந்தா?"

"டிரைவர்ட்ட சொன்னேன்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னியா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றேன். அவள் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்காமலே சட்டியை மூடினாள்.

அடுத்த மூன்று வாரத்தில் ஆறு தடவை மண்டிக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் உடையப்பன் ஒவ்வொன்று சொல்வார். ஒரு நாள், "வந்துட்டாருய்யா பெயிண்டர், எல்லாரும் மண்டைய மூடிக்கங்க" என்றார். வெங்காயம் புடைக்கிற பொம்பிளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு நாள் வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, "நாளைக்கு வா" என்றார். நான் ஒரே பாட்டைத்தான் பாடினேன். சொன்னேன், டிரைவர்ட்ட சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. சொன்ன இடம், நின்ற விதம், என் கையில் இருந்த துணி எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் நான் டீக்கடையில் இருக்கும்போது கருப்பணன் வந்து எதிரே நின்றான்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எண்ணெயப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எந்தப் பக்கம் நின்னு சொன்ன?"

"கண்ணாடிப் பக்கம் நின்னு. நீ போன்ல பேசிக்கிட்டிருந்த. ஒரு கை ஸ்டீரிங்குல. ஹாரன வேற அமுக்கிக்கிட்டு இருந்த. ஒனக்கு எப்புடிக் கேக்கும்?"

அவன் முகம் மாறியது. போனில் பேசியது நிஜம். ஹாரன் அடித்ததும் நிஜம். அந்த இரண்டு நிஜத்துக்கு நடுவில் என் பொய்யை வைத்துத் தைத்துவிட்டேன். அவன் வந்த வேகம் போய்விட்டது.

"அப்ப ஒரு தடவ சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"சொல்லி முடிக்கிறதுக்குள்ள கேட்டத் தாண்டிட்ட."

அவன் திரும்பிப் போனான். நான் டீயைக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் கையால் கிளாஸ் வாங்காதவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது உடையப்பன் போன் போட்டார். "வந்து ஒன் காச வாங்கிட்டுப் போ."

பாயிடம் சொல்லிவிட்டு ஓடினேன். மண்டியில் அவர் மேசை மேலே நோட்டுக் கட்டு இருந்தது. கருப்பணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உடையப்பன் தலையில் முடி அரிசி அளவுக்கு முளைத்திருந்தது. கட்டைப் பிரித்து எண்ணி எண்ணித் தனியாக வைத்தார். பதினான்கு ஐந்நூறு, நாலு நூறு, ஒரு ஐம்பது.

"ஏழாயிரத்து நானூத்தி அம்பது. சரியா இருக்கா பாத்துக்க. மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம், இந்தாடா கருப்பணா, இந்த மாசச் சம்பளம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கருப்பணன் மிச்சத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் விளங்கியது.

"இவன் சம்பளத்துலயா குடுக்குறீங்க?"

"பெறகு என் காசுலயா? தலையில பூசிவிட்டதும் இல்லாம அதுக்குக் கூலியும் நான் குடுப்பனா? நீ சொல்லியிருக்க, அவன் காதுல வாங்கல. அவனே ஒத்துக்கிட்டான். ஏலே, சொல்லு."

கருப்பணன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "போன் பேசிக்கிட்டிருந்தேன். சொல்லியிருப்பாரு. நாந்தான் காதுல வாங்காம விட்டுட்டேன் போல. பொண்டாட்டிகூட காது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. ஒண்ணுமில்ல, கவனந்தான் இல்லைன்னு சொல்லிட்டாரு. எடுத்துக்கங்க."

எடுத்துக்கங்க என்றான். என்னை மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவன் திட்டியிருந்தால் காசை எடுத்திருப்பேன். தோல் ஷாப்பு நாத்தம் என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால், எண்ணிப் பார்த்து, எச்சில் தொட்டு இன்னொரு தடவையும் எண்ணி எடுத்திருப்பேன். நான் சொல்லாத ஒன்றைத் தான் காதில் வாங்காமல் விட்டுவிட்டதாக அவன் சொன்ன பிறகு அந்த நோட்டில் கை வைக்க முடியவில்லை.

"சொல்லல" என்றேன்.

"என்னது?"

"எண்ணெயப் பத்தி நான் யார்ட்டயும் சொல்லல. எனக்கே தெரியாது. தோலு ஷாப்புல எண்ணெதான் போடுவோம், அதே நெனப்புல இருந்துட்டேன். இவன் மேல தப்பு இல்ல."

மூட்டை தூக்குகிறவன்கூட மூட்டையோடு நின்றான். உடையப்பன் என்னைப் பார்த்தார், கருப்பணனைப் பார்த்தார். பிறகு மேசை மேலே இருந்த நோட்டை வாரி எடுத்துக் கருப்பணன் பையில் அவரே திணித்தார்.

"மொதலாளி, கலருக்கு வேண்டாம். அழுக்கு எடுத்தது சரியாத்தானே இருக்கு. அந்த நாலாயிரத்து ஐந்நூறாவது..."

"மண்டபத்துல என்னயப் பாத்துச் சிரிச்சானுங்கல்ல. அதுக்குக் கழிச்சுக்க."

"நாலு நாளு குனிஞ்சு வேலை பாத்திருக்கேன்."

"மூணு வாரமா நின்னு பொய் பாத்திருக்க. எந்திரிச்சுப் போயிரு, இல்ல மூட்ட தூக்குறவனுகள விட்டுத் தூக்கச் சொல்லுவேன்."

நான் உட்காரவே இல்லை, எந்திரிக்கச் சொல்கிறார். படி இறங்கும்போது பின்னாலேயே வந்து கருப்பணன் என் சட்டையைப் பிடித்துத் திருப்பினான். மரியாதை எல்லாம் போயிருந்தது.

"மூணு வாரமா என் காத நானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்டா. வண்டி ஓட்டையில பின்னாடி லாரி ஹாரன் கேக்குதா, கேக்குதான்னு பாத்துக்கிட்டே ஓட்டுறேன். டாக்டருக்கு அறுநூறு ரூவா. டீக்கடையில எம்மூஞ்சியப் பாத்துச் சொன்னயில்ல."

"இப்பச் சொல்லிட்டேன்ல."

"சொல்லிட்டா? ஒன்னயத் தூக்கி வச்சுக் கும்புடணுமா?"

சட்டையை விட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். என் மேலே பட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனான்.

ஃபாரிஸ் பாய் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"என்கிட்டயும் சொன்னேன்னுதானே சொன்னீங்க."

"ஆமா பாய்."

"ஒரே மாசத்துல கழிச்சா உங்க வீட்டுல அடுப்பு எரியாது. அஞ்சு மாசம். மாசத்துக்கு ஆயிரத்து நானூத்தித் தொண்ணூறு. இனி டப்பாவை என்கிட்ட காட்டிட்டுத் தொறங்க."

பேச்சாயியிடம் தொகையை மட்டும் சொன்னேன். அவள் மற்றதை மண்டியில் வெங்காயம் புடைக்கிற ஒருத்தி மூலமாகத் தெரிந்துகொண்டாள். "பொய்ய ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் சொல்லத் தெரியணும், இல்ல ஆரம்பிக்கக் கூடாது" என்றாள். அந்த ஐந்து மாசமும் பலகாரம், கறி எதுவும் வீட்டில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் மசால் தாளிக்கும்போது எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் உடையப்பன் வண்டி எங்கள் கேட்டில் வந்து நின்றது. அவர்கள் வழக்கமாகப் போகிற இடத்தில் கூட்டமாம். கருப்பணன் இறங்கி நேராகப் பாயிடம் போய் ஐந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்தான்.

"வெளிய மட்டும் கழுவணும். உள்ள எவனும் கை வைக்கக் கூடாது. கதவத் தெறந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

வேறு ஆள் இல்லை. நான்தான் குழாயை எடுத்தேன். அவன் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, நான் நகர நகரக் கூடவே நகர்ந்து வண்டியைச் சுற்றி வந்தான். நான் டயருக்கு அடித்த தண்ணீர் அவன் செருப்பில் பட்டது. வேண்டுமென்றே அடித்தேனா என்று அவன் பார்த்தான். நானும் பதிலுக்குப் பார்த்தேன். துடைத்து முடித்ததும் கதவு இடுக்கில் ஒரு சொட்டு உள்ளே போயிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான்.

அன்றைக்கே சம்பளம். பாய் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, கணக்கு நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். உடையப்பன், ஏழாயிரத்து நானூற்று ஐம்பது என்று எழுதி, அதன் கீழே ஐந்து தடவை ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் குறுக்கே ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார்.

"தீந்துச்சு" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.